மான் வேட்டைக் கேமரா, சாயல்குடிக் கடலைத் தோட்டத்தில்

அட்டைப்பெட்டியின் மேல் கிளைகிளையாகக் கொம்பு வைத்த அமெரிக்க மான் ஒன்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. எங்கள் தோட்டத்துக்கு வந்தது அதில்லை, புள்ளிமான். ஆனால் அது மான்தான் என்று தெரியவே இந்தக் கேமரா வரவேண்டியிருந்தது.

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகிற பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் கடலை போடுவோம், வரப்பெல்லாம் பனை, அதற்கு அந்தப்புறம் சீமைக்கருவேலங்காடு. போன மாசியில் ராத்திரியோடு ராத்திரியாக எதுவோ வந்து கடலைக் கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போக, பன்றி என்று அப்பாவும் ஆடு என்று சித்தப்பாவும் (அதுவும் யார் வீட்டு ஆடு என்று பெயரோடு) சொல்ல ஆரம்பித்து, அது ஊர்ச் சண்டையாக முற்றும் நேரத்தில்தான் டெக்சாஸில் வேலை பார்க்கும் மச்சான் லீவில் வந்தார். அவர் பெட்டியில் இது இருந்தது. மரத்தில் கட்டிவிட்டால் எதிரே உயிருள்ளது ஏதாவது நகரும்போது தானாகவே படம் எடுக்கும். அங்கே வேட்டைக்காரர்கள் சீசனுக்கு முன்பே காட்டில் கட்டிவைத்து, எந்தக் கொம்பன் எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்வார்களாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1991 திருத்தத்துக்கு அப்புறம் இன்னும் இறுகிவிட்டது, மானைத் தொட்டால் ஜெயில். எனவே ‘இதோட துப்பாக்கியும் வருமா’ என்று கேட்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். ராத்திரியில் இது ராஜா. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அடிக்கிறது, படம் கருப்பு வெள்ளையில்தான் வரும், ஆனால் பதினைந்து இருபது அடிக்குள் காதில் ஒட்டியிருக்கிற உண்ணி வரைக்கும் தெரிகிறது. பெட்டியில் போட்டிருக்கிற 80 அடியை நம்பாதீர்கள், அந்தத் தூரத்தில் இரண்டு கண் மட்டும் மின்னும், நரியா நாயா என்று பட்டிமன்றம்தான் நடத்தலாம். அந்த வெளிச்சத்தின் அலைநீளத்தை வைத்து 850 நானோமீட்டர் வகை, 940 நானோமீட்டர் வகை என்று இரண்டு வருகிறது. 850-இல் வெளிச்சம் தூரம் போகும், ஆனால் முன்னால் நின்று பார்த்தால் கங்கு மாதிரி லேசாகச் சிவப்புத் தெரியும். 940-இல் அதுவும் தெரியாது, அதற்குப் பதில் படம் கொஞ்சம் மங்கல். என்னுடையது 940. ஆள் நடமாட்டம் உள்ள தோட்டத்தில் திருட்டுப் போகாமல் இருக்க இதுதான் நல்லது.

பகலில்தான் மானத்தை வாங்குகிறது. இதன் சென்சார் பார்ப்பது சூட்டு வித்தியாசத்தை, அதாவது பின்னணியைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ உள்ள ஒரு உடம்பு நகர வேண்டும். நவம்பர் குளிரில் மான் தேடுகிறவனுக்காகச் செய்தது. நம்மூர்ப் பங்குனி மத்தியானத்தில் மணலும் ஆட்டு உடம்பும் ஒரே சூட்டில் இருந்தால் அது பாவம் என்ன செய்யும்? நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஆடு வரிசையாகக் கேமரா முன்னால் போனது, ஒரு படம் இல்லை. ஆகவே பகலில் ஆடு மேய்ந்ததா என்ற சித்தப்பாவின் வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதி, மணி, வெப்பநிலை, அன்றைய நிலாப் பிறை எல்லாம் வருகிறது. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில். வெயிலில் பெட்டியே கொதித்து 106 என்று காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, “ஏம்ப்பா, இதுக்குக் காய்ச்சலா?” என்றார்.

கட்டுவதும் பெரிய பாடு. கூட வருகிற நாடா வழுவழுப்பான மரத்துக்குச் செய்தது. பனையில் கட்டினால் சொரசொரப்பில் ஒரு மாதத்தில் நைந்துவிடும், சீமைக்கருவேலமோ காற்றில் ஆடும், ஆடினால் கிளை நிழலையெல்லாம் படம் எடுத்துத் தள்ளும். கடைசியில் நைலான் கயிறு போட்டுப் பனையிலேயே கட்டினோம். பதநீர் சீசன் வேறு. முதல் வாரம் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் 200 படத்துக்கு மேல் பனையேறி அண்ணனின் கால், அவர் கலயம், மறுபடி கால். அவரிடம் காட்டினேன், “பித்தவெடிப்பு இவ்வளவு இருக்கா” என்று அவருக்கே கவலை வந்துவிட்டது.

கட்டிய எட்டாவது ராத்திரி, 2.14 மணிக்கு, மான். இரண்டு பெட்டை, ஒரு குட்டி. நாங்கள் பன்றிக்காகக் கட்டிவைத்த பழைய சேலை வேலிக்கு வெளியே நின்று, முன்னால் நிற்கிற பெட்டை அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை மோந்து பார்க்கிறது. அன்றைக்குத் திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் படத்தில் சேலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, குட்டி வேலிக்கு அடியில் பாதி நுழைந்தபடி. சேலை வேலி இரண்டு நாளைக்குத்தான் தாங்கும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. மச்சானுக்கு அனுப்பினேன். அங்கே இதே புள்ளிமானை 1932-இல் கொண்டுபோய் விட்டார்களாம், இப்போது பெருகி, அந்த ஊர் வெள்ளைவால் மானுக்கு இருப்பது மாதிரி சீசன் கணக்குக்கூட இல்லாமல் வருடம் முழுக்கச் சுடுகிறார்கள் என்று எழுதினார். நம்மூர்ப் பிள்ளை வெளிநாடு போய்ப் பட்ட பாடு.

உப்புக்காற்று பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மழை உள்ளே போகவில்லை, ரப்பர் நன்றாக மூடுகிறது, ஆனால் பேட்டரி போடும் இடத்தில் உள்ள கம்பிச் சுருள் இரண்டே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. சுரண்டிவிட்டு வாசலின் தடவினேன், ஓடுகிறது. ஒருதடவை கீழே உள்ள ஓட்டை வழியாக எறும்பு புகுந்து முட்டையே வைத்திருந்தது, அதற்கும் வாசலின்தான்.

கூடவே மச்சான் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெஸ்ட்டும் கொடுத்தார். அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கி சீசனில் கட்டாயமாம், ஆளை மான் என்று நினைத்து இன்னொருவன் சுட்டுவிடாமல் இருக்க. மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாதென்பதால் வேட்டையும் கெடாது. சித்தப்பா விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிவிஎஸ் 50-இல் பதநீர் கொண்டுபோகும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார், லாரிக்காரன் அரை மைல் முன்னாலேயே ஹாரன் அடிக்கிறான். மொத்தப் பெட்டியிலும் முழு மார்க் அதற்குத்தான்.

ராத்திரியில் என்ன வருகிறது என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் வாங்கலாம். வந்ததை விரட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, அதற்கு நாங்கள் இப்போது கம்பிவலைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன பேட்டரி எட்டு வேண்டும், பெட்டிக்கடை பேட்டரி ஒன்பது நாளில் செத்தது, ஆல்கலைன் போட்டு இரண்டு மாதம் ஓடியது. கார்டு 32 ஜிபிக்கு மேல் என்னுடையது ஏற்கவில்லை. படிக்காமல் 64 வாங்கினேன், அது இப்போது அக்கா மகன் போனில் இருக்கிறது.