வீட்டு வெண்மையாக்கும் ட்ரே: ஜெல் நல்லது, சீட்டு போதாது

ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் பல் கிளினிக்குகளில் பல் அச்செடுத்து, வீட்டிலேயே ஜெல் வைத்துப் பல்லை வெளுக்கத் தரும் ட்ரேக்கே எங்கள் ஓட்டு. ஜெல் 10% கார்பமைடு பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடாகக் கணக்கிட்டால் சுமார் 3.5%தான், கூச்சம் குறைவு. பல்லுக்கு ஓர் அரிசி அளவு போதும். கூடினால் ஈறு வெளுத்து எரியும். ட்ரே ஓரம் கவ்வி உட்காராவிட்டால் திருப்பிக் கொடுங்கள். சிரிஞ்சு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கடலோர வெக்கையில் வீரியம் போய்விடும்.

குறை, கூடத் தரும் சீட்டில்தான். ‘கலர் உணவு தவிர்க்கவும்’ என்று ஒற்றை வரி. எது கலர்? ஜெல் எனாமல் மேலிருக்கும் எச்சில் படலத்தை எடுத்துவிடும், பல்லும் உலர்ந்திருக்கும். அதனால் ஜெல் போட்ட பின் 48 மணி நேரத்துக்கு மஞ்சள் தூக்கலான மீன் குழம்பு, கருப்பட்டிக் காப்பி, வெற்றிலை மூன்றும் வேண்டாம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தாராளமாகச் சாப்பிடலாம். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியும் நாளடைவில் பழுப்பேற்றும். நல்லவேளை, அது பாலிஷில் போய்விடும்.

சீட்டு சொல்லாத இன்னொன்று: முன்பல்லில் உள்ள பழைய காம்போசிட் (பல் நிற அடைப்பு) வெளுக்காது, திட்டாகத் தெரியும். மாற்றுவதென்றால் வெளுப்பு முடிந்து 2 வாரம் பொறுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் புது அடைப்பின் ரெசின் ஒட்டுவதைக் கெடுக்கும்; பிறகு அந்த விளிம்பில்தான் பழுப்புக் கோடு விழும்.