மீனு மூணான கதை: அம்மாவின் காது மிஷின்

பர்மாவின் யாங்கோனில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கோயில் விசேஷம், கல்யாணம், காதுகுத்து என்று இருபது வருஷமாகக் குழாய் கட்டுகிறவனுக்கு பேஸ், டிரெபிள் தெரியாதா? ஆனாலும் அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கப் போன அன்று, கடையில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவின் பிரச்சினை இதுதான். "மீனு வாங்கவா?" என்றால் "எதுல மூணு?" என்பார். "சாவி எங்கம்மா?" என்றால் "ஆவியா?" என்று பயப்படுவார். வயசாச்சு என்று சிரித்துக்கொண்டோம். கடையில் சோதித்துக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போகிறது, 2000 தாண்டியதும் சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. உயிரெழுத்து ஒவ்வொன்றும் வாய்க்குள் சில சுருதிகளில் ஓங்கி முழங்கும், அதுதான் ஒத்ததிர்வு. ஈ, ஊ இரண்டுக்கும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டாவதில்தான் பிரிகின்றன. ஊ-வுக்கு அது 1000-க்குக் கீழே, ஈ-க்கு 2000-க்கு மேலே. மேலே இருப்பது விழாத காதுக்கு மீனும் மூணும் ஒன்றுதான். 'ச'வின் சீறல் இன்னும் உயரத்தில், 4000-க்கு மேல் கிடக்கிறது. அது போனால் சாவி ஆவியாகத்தானே ஆகும்.

முதல் நாள் கடைப்பெண் பர்மியில் "கேட்குதா அமே (அம்மா)?" என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். பர்மிய ஏற்ற இறக்கம் தொண்டையின் அடிச் சுருதியில் வருவது. அந்தப் பகுதி அம்மாவுக்கு நன்றாகவே கேட்கும். மீதியை ஊகித்துவிடுவார். பத்தே நிமிஷத்தில் பில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மீனு மறுபடி மூணு. போதாததற்குக் காதிலிருந்து விசில் வேறு.

கனடாவில் காது கேளாதோர் கல்வியில் பணியாற்றிய டேனியல் லிங் சொல்லிக்கொடுத்த ஆறு ஒலிச் சோதனை ஒன்று உண்டு: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். அதை நானே செய்து பார்த்தேன். வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். ஈ-க்கு விரிந்து ஊ-வுக்குக் குவிகிற உதட்டைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார். முதுகுப் பக்கம் நின்று சொன்னபோது ஆ, ஊ, ம் சரி. ஈ-யை ஊ என்றார். 'ஸ்' சொன்னதே தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்கு மறுபடி போனேன். இந்த முறை வேறு பெண், பொறுமைசாலி. மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி மேல் சுருதிகளுக்கு மட்டும் சத்தத்தை ஏற்றினார். விசிலுக்குக் காரணம் காதுக்குள் போகும் ரப்பர் மூடி சின்னது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கே திரும்பினால் ஊளையிடும், என் தொழிலில் தினம் பார்ப்பதுதான். பெரிய மூடி போட்டதும் நின்றது. அன்று சாயங்காலம் முதுகுக்குப் பின்னாலிருந்து மீனு வாங்கவா என்றேன். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைடா" என்றார்.

மிஷினுக்கு நல்ல மார்க். கடைக்குப் பாதிதான், தமிழ்க்காரர் இத்தனை பேர் வருகிற இடத்தில் சோதிக்க நாலு தமிழ்ச் சொல் எழுதி வைத்தால் என்ன? விலையைச் சொல்லிப் பயனில்லை, அடுத்த வாரம் மாறிவிடும். சார்ஜ் செய்யும் வகையை வேண்டாம் என்று சொல்லி 312 நம்பர் பேட்டரி வகையை எடுத்தேன். இங்கே கரண்ட் இருக்கிற லட்சணத்துக்கு அதுதான் சரி. ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் வருகிறது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் மட்டும் அந்த அடித்தொண்டை உறுமல் பேச்சை விழுங்கிவிடுகிறது. அப்போது மிஷினைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறார்.