இயந்திரக் கணினியில் கார்டு மாற்றிப் போடுகிறார்கள்: தொழிற்பேட்டை நண்பர்கள் கவனத்துக்கு

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளிலும் மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் இயந்திரத்தோடு இணைந்த கணினிகளைப் பராமரிக்கும் நண்பர்கள், அவற்றில் புதிதாக வீடியோ கார்டோ நெட்வொர்க் கார்டோ போட வெளியாளை அழைப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விலைப்புள்ளியில் ஒரு கார்டை எழுதிவிட்டு இயந்திரத்தில் வேறொரு கார்டைச் செருகிப் போவது எங்கள் யூனிட்டில் நடந்திருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியாததால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மேலும், இது ஒரே ஒரு கடையின் வழக்கம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் வாகனங்களுக்கான ரப்பர் சீல்கள் செய்து கொடுக்கிறோம். அவற்றைச் சோதிக்க ஒரு கேமரா இயந்திரம் இருக்கிறது. பவுல் ஃபீடர் என்னும் அதிர்வுக் கிண்ணத்திலிருந்து சீல்கள் வரிசையாக ஒரு சுழலும் கண்ணாடித் தட்டின் மேல் வந்து விழும். கேமரா படம் எடுக்கும். நல்லது எது, கழிவு எது என்று மென்பொருள் முடிவு செய்ததும் காற்றுக் குழாய் அதை அதற்குரிய பெட்டிக்குள் ஊதித் தள்ளும். படமே சரியாக வராத சீல் மூன்றாவதாக உள்ள மறுபரிசோதனைப் பெட்டிக்குப் போகும். சீலின் உள் விளிம்பையும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால், இருந்த ஒரு கேமராவோடு இன்னும் இரண்டு கேமராக்களையும், தர ஆய்வாளர் பார்ப்பதற்கு இரண்டாவது மானிட்டரையும் சேர்க்க முடிவானது. அதற்காகத்தான் இரண்டு கார்டுகள் தேவைப்பட்டன.

நகருக்குள் கணினி விற்பனையும் சேவையும் செய்யும் ஒரு நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளியில், இன்டெல் ஐ350 சில்லு கொண்ட நான்கு போர்ட் பிஓஇ நெட்வொர்க் கார்டு ஒன்று, ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்ட ஜீஃபோர்ஸ் ஜிடி 1030 வீடியோ கார்டு ஒன்று, பொருத்தி அமைத்துத் தருவதற்கான கூலி என்று மூன்று வரிகள் தெளிவாக இருந்தன. பிஓஇ என்பது ஒரே நெட்வொர்க் கேபிளில் தகவலையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை. 802.3ஏஎஃப் தரத்தின்படி ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை கொடுக்க வேண்டும் என்பதால் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து 60 வாட்டுக்கு மேல் ஆகும். மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் தகவல் ஓடும் பாதையை லேன் என்பார்கள்; அப்படி நான்கு லேன் கொண்ட கார்டு ஒன்று ஸ்லாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மின்சாரமோ 25 வாட்தான். ஆகவே உண்மையான நான்கு போர்ட் பிஓஇ கார்டு என்றால், கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வந்து சேர்வதற்கான சாக்கெட் அதன் மேலேயே இருக்கும். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கணினியை ஆன் செய்யாமலேயே, கார்டைக் கையில் எடுத்த கணத்திலேயே கண்டுபிடிக்கக்கூடிய அடையாளம் இது என்பதுதான்.

லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் வேலை சுத்தமாக முடியும் என்று அவர்களே நாள் குறித்தார்கள். பராமரிப்புப் பிரிவில் அன்று யாரும் பணியில் இல்லை; வாட்ச்மேனும் ஓர் இளம் ஆபரேட்டரும் மட்டும் இருந்தார்கள். நல்லவேளையாக அந்தத் தம்பி, எந்த வயர் எங்கே இருந்தது என்பது பின்னால் தேவைப்படும் என்று எண்ணி, கழற்றுவதற்கு முன்பும் பின்பும் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். மேசை மேல் கிடக்கும் புதிய கார்டின் படமும் அதில் இருந்தது. எங்களிடம் உள்ள ஆதாரங்களில் மிகப் பெரியது அதுதான். கார்டுகள் வந்த அட்டைப்பெட்டிகளையும், நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் உறைகளையும், ‘குப்பை எதுக்கு தம்பி, நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்’ என்று சொல்லி அவர்கள் எடுத்துச் சென்றிருந்தார்கள். வரிசை எண்ணும், இறக்குமதியாளர் முகவரியும், அதிகபட்ச விலையும் அச்சாகியிருப்பது அந்தப் பெட்டிகளில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உபகாரத்தின் பொருள் விளங்கும்.

திங்கட்கிழமை காலையில், பின்னால் சொல்லப்போகும் திரை, லைசென்ஸ் கோளாறுகளைத் தாண்டி லைனை மெதுவாக ஓட்டியபோது படங்கள் ஒழுங்காகவே வந்தன. வேகத்தைக் கூட்டி முழு உற்பத்திக்குப் போனதும் மறுபரிசோதனைப் பெட்டி நிரம்பத் தொடங்கியது. வழக்கமாக ஷிப்ட் முடிவில் அடியில் ஒரு கைப்பிடி சீல் கிடக்கும் பெட்டி, உணவு இடைவேளைக்கு முன்பே விளிம்பைத் தொட்டது. அள்ளிப் பார்த்தால் அத்தனையும் பழுதில்லாத சீல்கள். திரையில் வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சீலின் பாதி தெளிவாகவும் அதற்குக் கீழே பட்டை பட்டையாகக் கறுப்பாகவும் இருந்தது. கேமரா அனுப்பிய தகவலின் ஒரு பகுதி கணினியை வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, கேபிள் தரம் சரியில்லை என்றார்கள், கேபிளை மாற்றினோம். பிறகு கேமராவையே சந்தேகப்படச் சொன்னார்கள்.

கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை, பேனலின் பக்கச் சுவரில் கேபிள் டை போட்டுத் தொங்கவிடப்பட்டிருந்த பிஓஇ இன்ஜெக்டர்கள். கார்டில் பிஓஇ வசதியே இல்லாததால், ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி அடாப்டர் வைத்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். அடுத்தது, கார்டின் அடியில் இருக்கும் தங்கப் பற்கள். ஐ350 கார்டு நான்கு லேன் அகலம் கொண்டது. அதன் பல்வரிசை ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். எங்களுடையதில் இருந்ததோ 25 மில்லிமீட்டர் அளவுள்ள ஒற்றை லேன் பல்வரிசை. நீண்ட ஸ்லாட்டின் ஒரு முனையில் அது உட்கார்ந்திருக்க, மீதி ஸ்லாட் வாய் பிளந்து கிடந்தது.

ஒற்றை லேன் என்பதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஜிகாபிட் கேமரா முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு 125 மெகாபைட் வரை அனுப்பும். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேன் கடத்துவது காகிதத்தில் 250 மெகாபைட். நடைமுறையில் அதற்கும் குறைவு. பழைய கேமராவையும் மதர்போர்டு போர்ட்டிலிருந்து பிடுங்கி இதே கார்டுக்கு மாற்றியிருந்ததால், மூன்று கேமராக்களும் ஒரே நேரத்தில் படம் எடுக்கும்போது எல்லாத் தகவலும் அந்த ஒற்றைப் பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. மெதுவாக ஓட்டியவரை பிரச்சினை தெரியாமல் இருந்ததற்கும், வேகம் கூடியதும் படம் அறுந்ததற்கும் காரணம் இதுதான். கேமரா வலைக்குத் தேவையான, தகவலைப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் ஜம்போ ஃபிரேம் அமைப்பையும் அவர்கள் தொடவில்லை; மின்சிக்கன ஈதர்நெட் அமைப்பையும் அணைக்கவில்லை. நான் அறிந்தவரை, கேமரா வேலை செய்து பழகியவர் எவரும் முதலில் கைவைப்பது இந்த இரண்டு இடங்களில்தான்.

இன்டெல் என்று எழுதிக் கொடுத்தது என்ன ஆனது என்று அவர்களின் டெக்னீஷியனைக் கேட்டபோது, ‘உள்ள இருக்கிறது இன்டெல்தான் சார், டிரைவர் பேரு மட்டும் மாறிக் காட்டும்’ என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். இந்தப் பதிலை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தால், வென் (VEN) என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் ஓர் எண் வரும். அது சில்லுக்குள்ளிருந்து வாசிக்கப்படும் எண்; டிரைவரை மாற்றினாலும், டிரைவரே இல்லாவிட்டாலும் அது மாறாது. இன்டெல் என்றால் 8086, ரியல்டெக் என்றால் 10இசி, என்விடியா என்றால் 10டிஇ, ஏஎம்டி என்றால் 1002. எங்கள் திரையில் வந்தது 10இசி. ரியல்டெக் மோசமான சில்லு என்று நான் சொல்லவில்லை. அலுவலகக் கணினிக்கு அது தாராளமாகப் போதும். நாங்கள் கேட்டதும் காசு கொடுத்ததும் அதற்கு அல்ல. மறுபுறம், 8086 வந்துவிட்டதாலேயே கார்டு அசல் என்றும் ஆகிவிடாது. இன்டெல் சில்லையே வைத்து வேறெங்கோ செய்த போலி ஐ350 கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. அதற்குத்தான் அட்டைப்பெட்டியும் வரிசை எண்ணும் முறையான பில்லும் வேண்டும்.

வீடியோ கார்டில் நடந்தது இதைவிடச் சாதுரியமானது. அது உண்மையிலேயே ஜிடி 1030தான். ஆனால் டிடிஆர்4 நினைவகம் கொண்ட வகை. 2017இல் வந்த ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட். 2018இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகையில் அது 17 ஜிகாபைட்டைக்கூட எட்டுவதில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நினைவக வகை ஒரே வரியில் தெரிந்துவிடும். பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திருத்திப் புதிய கார்டு என்று விற்கும் என்விடியா போலிகளைக்கூட 2018 முதல் அந்த மென்பொருள் அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது மானிட்டரில் படம் காட்டுவதற்கு டிடிஆர்4 வகையே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை வித்தியாசம் யார் பைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

கார்டு மாற்றியதைவிட, அமைப்பில் செய்த கோளாறுகள்தான் எங்களுக்கு அதிக நஷ்டத்தைக் கொடுத்தன. முதலாவதாக, கணினியின் பயாஸில் முதன்மைத் திரையைப் புதிய கார்டுக்கு மாற்றிவிட்டு, மதர்போர்டின் சொந்த கிராபிக்ஸைச் சேர்த்து ஓடவிடும் அமைப்பை இயக்காமல் விட்டதால், அதில் இணைந்திருந்த ஆபரேட்டரின் டச் ஸ்கிரீன் கறுத்துப் போனது. இரண்டாவதாக, மோதல் வராமல் இருக்கட்டும் என்று மதர்போர்டின் நெட்வொர்க் போர்ட்டுகளில் ஒன்றைப் பயாஸிலேயே முடக்கியிருந்தார்கள். எங்கள் சோதனை மென்பொருளின் லைசென்ஸ் அந்தப் போர்ட்டுக்கே உரிய தனி எண்ணான மேக் முகவரியோடு பிணைக்கப்பட்டது. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. போர்ட் மறைந்ததும் லைசென்ஸ் செல்லாது என்று அடுத்த தொடக்கத்திலேயே மென்பொருள் நின்றது. அது மென்பொருள் நிறுவனத்தின் பிரச்சினை, அவர்களிடம் பேசித் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று எங்கள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். போர்ட்டைப் பயாஸில் மீண்டும் இயக்கியதும் லைசென்ஸ் தானாகத் திரும்பியது. மூன்றாவதாக, இயந்திரத்தின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி இருக்கும் வலைக்கும் அலுவலக ரூட்டர் இருக்கும் வலைக்கும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே வரிசை முகவரிகளைக் கொடுத்து, இரண்டுக்கும் வெளி வலைக்குப் போகும் வாசலான கேட்வேயும் போட்டிருந்தார்கள். எந்தப் போர்ட் வழியாகப் பிஎல்சியைத் தேடுவது என்று விண்டோஸ் தடுமாறியதில், இயந்திரம் காரணமே தெரியாமல் அவ்வப்போது நின்றது. கேமராவுக்கு ஒரு வரிசை, பிஎல்சிக்கு ஒரு வரிசை, அலுவலகத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்து, அலுவலக வலைக்கு மட்டும் கேட்வே வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது. கார்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் அழுத்திப் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தைக்கூட மீண்டும் மாட்டாமல் பெட்டிக்குள்ளேயே போட்டிருந்தார்கள். இரும்புச் சட்டம் ஒன்று, கார்டுகள் செருகும் பலகையான பேக்பிளேன் மேல் உருண்டு கிடந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பில் என்ற பெயரில் அவர்கள் கொடுத்தது ஓர் எஸ்டிமேட் தாள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. ‘நெட்வொர்க் கார்டு 4 போர்ட், டிஸ்ப்ளே கார்டு 2 ஜிபி, சர்வீஸ்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. முறையான வரிப் பில் கேட்டபோது, ‘அண்ணே, அதுக்கு 18 சதவீதம் சேர்த்துக் கொடுக்கணுமே’ என்று முதலாளியிடம் சலுகை செய்வதுபோலப் பேசினார்கள். வரிப் பில் இருந்தால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக நாம் திரும்பக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், பதிவு பெற்ற யூனிட்டுக்கு எஸ்டிமேட் தாளில் எந்த மிச்சமும் கிடையாது. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கி 15 எழுத்துகள் கொண்டிருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதை இட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

கோயம்புத்தூரில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமிருந்து வரிப் பில்லோடு வேறு கார்டு வாங்கி, எங்கள் ஆட்களே பொருத்திவிட்டோம். இப்போது முழு வேகத்தில் மூன்று கேமராக்களும் ஓடுகின்றன. இதுபோன்ற வேலையை வெளியாளிடம் கொடுப்பவர்கள், சில்லின் பெயர், லேன் எண்ணிக்கை, நினைவக வகை ஆகியவற்றை ஆர்டரிலேயே எழுதி, முழு வேகத்தில் ஒரு ஷிப்ட் ஓடிய பிறகே மீதிப் பணம் என்று சேர்த்துவிடுவது நல்லது. பயாஸ் திரைகளையும் நெட்வொர்க் முகவரிகளையும் அவர்கள் கைவைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். அட்டைப்பெட்டியை வெளியே விடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து அதையே முழுக்க வாழ்வாதாரமாகக் கொண்டவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே சொந்தமாக ஒரே இயந்திரம் வைத்துப் பிழைப்பவர் மாவட்ட ஆணையத்தில் முறையிட இடமிருக்கிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, 1915 என்ற உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஆட்களை வைத்து நடத்தும் எங்களைப் போன்ற யூனிட்டுகளுக்கு வக்கீல் நோட்டீசும் உரிமையியல் நீதிமன்றமும்தான் வழி. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் போட்ட இரண்டு கார்டுகளும் படங்களோடு சீல் வைத்த உறையில் எங்களிடம் இருக்கின்றன. பணம் வந்ததும் ஒப்படைக்கிறோம் என்று எழுதியும் கொடுத்துவிட்டோம். கார்டுகளை முதலில் கொடுத்தால் ‘டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு’ பணம் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுப்பதாக இல்லை.