நிலம் வாங்க மான்ட்கோமரியா, லவுடனா?

வாஷிங்டன் பக்கம் வேலை, ஆனால் சுற்றிலும் வயல் தெரிகிற இடத்தில் வீடு வேண்டும் என்று தேடுகிறவர்கள் கடைசியில் இரண்டு கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வந்து நிற்பார்கள். பொட்டோமாக் ஆற்றின் ஒரு கரையில் மேரிலாந்தின் மான்ட்கோமரி, எதிர்க்கரையில் வர்ஜீனியாவின் லவுடன். நாங்கள் மான்ட்கோமரியில், பூல்ஸ்வில் பக்கம் வாங்கினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை.

பள்ளி, வீட்டு வரி, ஆபீஸ் தூரம் எல்லாம் ஏஜென்டே சொல்லிவிடுவார். பயிர் செய்கிற நிலத்துக்கு இரண்டு இடத்திலும் வரிச்சலுகை உண்டு. அழகு என்று பார்த்தால் லவுடனின் மேற்குப் பகுதி ஒரு படி மேல்தான். புளூ ரிட்ஜ் மலை, மிடில்பர்க் பக்கத்துக் கல்சுவர்கள், 200 மைலுக்கு மேல் இன்னும் தார் காணாத சாலைகள், திராட்சைத் தோட்டங்கள். சனி, ஞாயிறில் ஒயினரிக்கு வரும் கார் வரிசையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முடிவு சொன்னது ஒரே கேள்வி. எதிரில் இருக்கும் அந்த வயல் இன்னும் இருபது வருஷம் கழித்தும் வயலாகவே இருக்கும் என்று யார் உறுதி தருகிறார்கள்?

லவுடனில் அந்த உறுதி பெரும்பாலும் மண்டல விதியில், அதாவது எந்தப் பகுதியில் எத்தனை ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்ற விதியில் இருக்கிறது. விதியை எழுதுவது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலில் வரும் கவுன்டி நிர்வாக போர்டு. மேற்குப் பகுதியில் 3 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இருந்ததை 2003 ஜனவரியில் இடத்தைப் பொறுத்து 10, 20, 50 ஏக்கருக்கு ஒன்று என்று இறுக்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் போர்டே மாறிவிட்டது. 2005-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இத்தனைக்கும் கொள்கை தப்பு என்று தீர்ப்பில் சொல்லவில்லை. பத்திரிகையில் கொடுத்த பொது அறிவிப்பில் விவரம் போதவில்லை என்பதுதான் காரணம். 2006 டிசம்பரில் மறுபடி விதி வந்தது, கொஞ்சம் தளர்ந்து: வடபகுதியில் 20 ஏக்கருக்கு ஒரு வீடு, தென்பகுதியில் 40-க்கு ஒன்று. வீடுகளை ஒரு மூலையில் கொத்தாகக் கட்டி மீதியைத் திறந்தவெளியாக விட்டால் 5 ஏக்கருக்கு ஒன்று, 15-க்கு ஒன்று என்றும் கட்டலாம். கொத்து நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். ஆனால் 100 ஏக்கரில் 20 வீடு வந்துவிட்டால், டிராக்டர் சத்தம், எரு வாசனை என்று புகார் சொல்ல 20 குடும்பம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மான்ட்கோமரியும் 1980-இல் விதியைத்தான் முதலில் இறுக்கியது. கவுன்டி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 93,000 ஏக்கர், விவசாயக் காப்புப் பகுதி ஆனது. 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்பது 25-க்கு ஒன்று ஆனது. இதோடு விட்டிருந்தால் விவசாயி கோபத்தில் கோர்ட்டுக்குப் போயிருப்பார், அடுத்த தேர்தலில் கதை திரும்பியிருக்கும். ராய்ஸ் ஹான்சன் தலைமையில் இருந்த திட்டக் குழு அதற்கு ஒரு வழி வைத்தது. இழந்த கட்டும் உரிமையை விவசாயி விற்கலாம்.

100 ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பழைய 5 ஏக்கர் கணக்கில் 20 உரிமை. நான்கு வீடு கட்டிக்கொள்ள நான்கை வைத்துக்கொண்டு, மீதி 16-ஐ பில்டரிடம் விற்கலாம். பில்டர் அதைக் கொண்டுபோய், கவுன்டி குறித்துக் கொடுத்த நகர்ப்பகுதிகளில் கூடுதல் வீடு கட்டிக்கொள்வார். பணம் பில்டர் பையிலிருந்து வருகிறது, வரி கட்டுகிறவர் பையிலிருந்து இல்லை. விற்ற கையோடு நிலத்தின் மேல் ஈஸ்மென்ட், அதாவது இனி இதில் இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்ற நிரந்தரக் கட்டுப்பாடு, பதிவாகிவிடும். யார் வாங்கினாலும், எந்த போர்டு வந்தாலும் அது நிலத்தோடேயே போகும். இப்படி மட்டுமே 50,000 ஏக்கருக்கு மேல் பதிவாகியிருக்கிறது.

நம் ஊரில் வில்லங்கம் இருக்கிற நிலத்தின் பக்கமே போகமாட்டோம். இங்கே நான் சுற்றியிருக்கும் நிலங்களில் வில்லங்கம் ஏறியிருக்கிறதா என்று பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. 25 ஏக்கர் நடுவில் ஒரு மாளிகை, சுற்றிலும் வெட்டிய புல், நாலு குதிரை என்றால் வயல் போச்சு, பார்வைக்குத்தான் கிராமம். கைவசம் மீந்திருக்கும் அந்த நான்கு உரிமையையும் விலை கொடுத்து வாங்கி அழிக்கத் தனித் திட்டமே பிறகு கொண்டுவர வேண்டியிருந்தது. சாக்கடை இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான். மண் தண்ணீர் உறிஞ்சும் சோதனையில் தேறாத மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அப்புறம், காப்புப் பகுதியின் கோடு எங்கே முடிகிறது என்பதையும் வரைபடத்தில் பார்க்க வேண்டும். டிக்கர்சனில் மூடிய நிலக்கரி மின்நிலைய இடம் தொழில் மண்டலம். அங்கே டேட்டா சென்டர் பேச்சு ஓடுகிறது.

நிலத்தை நம்பிப் பிழைக்கிற விவசாயிக்கு எது லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்களிடம் இருப்பது காய்கறித் தோட்டமும் கோழிகளும்தான். மறுவிற்பனையும் நான் இன்னும் செய்து பார்க்காத விஷயம். பிரிக்க முடியாத நிலத்துக்கு டெவலப்பர் வரமாட்டார் என்பதால், வாங்க வருகிறவர் கூட்டம் சிறியதாகத்தான் இருக்கும்.

லவுடன்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறதா? அங்கேயும் ஈஸ்மென்ட் உண்டு. அப்படி எழுதிக் கொடுப்பதை ஏற்றுப் பாதுகாக்கும் வர்ஜீனியா அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷன் 1966 முதல் இருக்கிறது, ஈஸ்மென்ட்டாகத் தானம் கொடுத்த மதிப்பில் 40 சதவீதத்துக்கு மாநிலம் வருமான வரிக் கழிவு தருகிறது. மிடில்பர்க் பக்கம் நிறையப் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் விருப்பம் என்பதால் ஒரு பண்ணையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதனால் அங்கே வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு பக்கத்து நிலத்தின் பதிவையும் பாருங்கள். இரண்டு கரையையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்: குறுக்கு வழியாக இருந்த வைட்ஸ் ஃபெர்ரி படகு 2020 டிசம்பரில் நின்றுபோனது, பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.