11 நாளுக்கு பாலிசி, 14 மாதத்துக்கு யார்?

அப்பா ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது 11 நாள். பில் 3,20,000. அதில் 17,000 கையுறை, சிரிஞ்சு வகையறா, பாலிசியில் வராது. மீதியில் 10 சதவீதம் கோ-பே, அதாவது நாங்களே கட்ட வேண்டிய பங்கு. ஆக எங்கள் கையிலிருந்து போனது 47,300. வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் சமாளித்தோம். அதற்குப் பிறகு நங்கநல்லூர் வீட்டு ஹாலில் அவர் படுத்திருந்தது 14 மாதம். அதற்கு ஒரு நயா பைசா எங்கிருந்தும் வரவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு அரசு காப்பீட்டு அட்டையா, தனியார் பாலிசியா என்று யாராவது கேட்டால், முதலில் இந்த 14 மாதத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வருடம் 5 லட்சம் வரை தருகிறது. பெரிய ஆபரேஷன்களுக்கு நல்ல திட்டம். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. இரண்டு பேர் வேலைக்குப் போகிற சென்னை வீடு வி.ஏ.ஓ.விடம் போய் அந்தச் சான்றிதழைக் கேட்கவே முடியாது.

மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டையில் இந்த வருமானத் தொல்லை இல்லை. 70 வயது ஆகியிருந்தால் போதும், தனியார் பாலிசி இருந்தாலும் தடையில்லை. ஆனால் வீட்டில் இரண்டு பேருக்கு 70 தாண்டியிருந்தால், இருவருக்கும் சேர்த்துத்தான் வருடம் 5 லட்சம். எந்த அட்டையாக இருந்தாலும், நீங்கள் போகிற ஆஸ்பத்திரி அதை எடுக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் முன்னாடியே கேட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸில் போகும்போது கேட்க நேரம் இருக்காது.

தனியார் பக்கமும் கொஞ்சம் இளகியிருக்கிறது. 65 வயது வரைக்கும் புது பாலிசி கொடுத்தால் போதும் என்கிற விதியை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் மாற்றியது. ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 4 வருடமாக இருந்தது, 3 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. தனி ரூம் என்ற வசதியில் பாலிசிதான் முந்துகிறது, சந்தேகமில்லை.

ஆனால் பாலிசி புத்தகத்தில் விலக்குகள் பக்கத்தைப் புரட்டி ஐந்தாம் எண்ணைப் பாருங்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற, எழுப்பி நடத்த ஆள் வைக்கிற செலவு, வீட்டிலானாலும் நர்சிங் ஹோமிலானாலும், பயிற்சி பெற்ற நர்ஸே செய்தாலும், கிடையாது. எந்தக் கம்பெனி பாலிசியிலும் இதே வாசகம்தான். அப்பாவுக்குத் தேவைப்பட்டது அச்சு அசலாக இந்த மூன்றும்தான்.

எங்கள் கணக்கு இது: ஏஜென்சி மூலம் வந்த 24 மணி நேர கேர்டேக்கருக்கு நாளைக்கு 1,000. டயப்பர் மாதம் 4,000. பிசியோவுக்கு 12 தடவை, தடவைக்கு 600. மாதம் மொத்தம் 41,200. மூன்று மாதத்தில் நாலு ஆட்கள் மாறினார்கள். நாலாவதாக வந்த அக்காதான் நிலைத்தார். ராத்திரி அலாரம் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார். முதுகில் வந்திருந்த படுக்கைப் புண் அவர் கையில்தான் ஆறியது. ஏஜென்சி எடுத்துக்கொண்டது போக அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

முதியோர் இல்லங்களையும் இரண்டு இடத்தில் விசாரித்தோம். மூக்கில் டியூப் என்றதும் சொன்ன தொகை ஒன்றரை மடங்கானது. அம்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் வாசல் ஏறி வந்து உதவியது நாங்கள் கணக்கிலேயே வைக்காத ஒன்று: மக்களைத் தேடி மருத்துவம். 2021-ல் தொடங்கிய திட்டம். பி.பி., சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்பு சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வரும். கேட்க எனக்குத்தான் கூச்சம், அது ஏழைகளுக்கு என்று நினைத்திருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்த பிறகு பிசியோ செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் ராத்திரி புரட்டிப் போட யாரும் வர மாட்டார்கள். ஜப்பானில் அந்த வேலைக்கென்றே 2000 முதல் தனிக் காப்பீடு இருக்கிறது, 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டுகிறார்கள். இங்கே அந்த இடத்தில் மருமகள் இருக்கிறாள்.

அம்மாவுக்கு இப்போது 68. பாலிசியை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக ஏற்றச் சொல்லி ஏஜென்ட் வந்தார். வருடத்துக்கு 14,400 கூடுதல், அதாவது மாதம் 1,200. வேண்டாம் என்றுவிட்டேன். 5 லட்சம் அப்படியே இருக்கட்டும். அந்த 1,200-உடன் மாதம் 5,000 சேர்த்து தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுகிறேன். ஐந்து வருடத்தில் அசலே 3,72,000. அப்பாவுக்கு ஆன கணக்கில் ஒன்பது மாதம் தாங்கும்.

அப்பாவின் காற்று மெத்தையை ஓஎல்எக்ஸில் போடலாம் என்றேன். அம்மா விடவில்லை. மோட்டாரைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள்.