ஓட்டு வீட்டில் ஐந்து வருடம்: எலிகளோடு பட்ட பாடு

2020 கடைசியில் சேலம் அம்மாபேட்டையில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். முன்பக்கம் நாட்டு ஓடு, பின்பக்கம் கான்கிரீட், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வந்த முதல் வாரமே ராத்திரி பத்தரை மணிக்கு அட்டாலியில் ஓட்டப்பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. "எலி இல்லாத வீடு ஏதுடா, ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அம்மா சொன்னார். பழகவில்லை. மூன்றாவது மாதம் வாஷிங்மெஷினின் தண்ணீர் வெளியேறும் குழாயைக் கடித்து வைத்தது. அடுத்து ஸ்கூட்டரில் ஹெட்லைட் வயர். அன்றிலிருந்து நான் வாங்காத பொருள் இல்லை. எது வேலை செய்தது, எது பணத்தைத் தின்றது என்று யாராவது கேட்டால் சொல்ல, இப்போது என்னிடம் நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். எது வருகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். புழுக்கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அரிசி மணி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில், இரண்டு முனையும் ஒடுங்கி இருந்தால் ஓட்டின் மேல் ஓடும் வீட்டெலி. சாக்கடை ஓரம் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் பெருச்சாளி. எங்கள் வீட்டில் முதல் இரண்டும் இருந்தன. நான்காவதாக ஒரு ஆசாமி இருக்கிறார், மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கிச்கிச் சத்தம், ஒரு மாதிரி வாடை. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைக்கிற பிராணி. என் கூண்டில் முதலில் மாட்டியது அதுதான். "பிள்ளையாரோட வாகனம், விட்டுடு" என்றார் அம்மா. விட்டுவிட்டேன். கரப்பான் தின்கிறது என்று பின்னால் படித்தபோது விட்டது சரிதான் என்று பட்டது.

ஆன்லைனில் ஒரு ஜோடி மீயொலிக் கருவி வாங்கினேன், 899 ரூபாய். பிளக்கில் செருகினால் நம் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம். முதல் இரண்டு ராத்திரி அமைதியாக இருந்தது. நானும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன், வெட்கக்கேடு. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், அந்தக் கருவியின் தலையிலேயே இரண்டு புழுக்கை. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டாது, பீரோ மறைத்தாலே நின்றுவிடும், எலிக்கும் சீக்கிரம் பழகிவிடும். 2001லேயே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களுமாக 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இருபது வருஷம் கழித்து நான் வாங்கியிருக்கிறேன்.

பசை அட்டையை ஒரே ஒரு ராத்திரி வைத்தேன். விடிகாலை மூன்று மணிக்கு அதில் ஒட்டிக்கொண்டது போட்ட கூச்சலில் மகள் எழுந்துவிட்டாள். பார்த்தால் ஒரு சுண்டெலி, ஒரு பல்லி, அதோடு நம்ம மூஞ்சூறும். கடலை எண்ணெயை ஊற்றி ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குள் விடிந்துவிட்டது. பல்லி பிழைக்கவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டைகளை எதிர்க்கிறது. வாரியம் சொல்லாவிட்டாலும் இனி என் வீட்டுக்குள் அது வராது.

கூண்டுப்பொறி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் உழைத்தது அதுதான். தப்பெல்லாம் என் பக்கம்தான் இருந்தது. வாங்கிய அன்றே பொறியை ஏற்றி நடு அறையில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. வீட்டெலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம், சில நாள் அந்தப் பக்கமே போகாது. எனவே கதவைக் கம்பியால் கட்டித் திறந்தபடியே, பொறியை ஏற்றாமல், உள்ளே தீனி மட்டும் போட்டு நான்கு நாள் விடுங்கள். வந்து தின்று பழகட்டும். ஐந்தாம் நாள் ஏற்றுங்கள். சுண்டெலி இதற்கு நேர்மாறு, புதிதாக எதைக் கண்டாலும் மோந்து பார்க்க வந்துவிடும். இடமும் முக்கியம். எலி மீசை சுவரில் உரச உரச ஓரமாகத்தான் ஓடும், ஓடிய இடத்தில் எண்ணெய் தேய்த்த மாதிரி கறுப்புத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தின் மேல், சுவரை ஒட்டி, வாய் அதன் வழியைப் பார்க்கும்படி கூண்டை வையுங்கள்.

தீனிக்கு எல்லாரும் மசால்வடை, கருவாடு, சுட்ட தேங்காய் என்பார்கள். என் அனுபவத்தில் தட்டுவடைக்கு நிகர் எதுவும் இல்லை. இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் கேரட் துருவலும் வைத்து விற்கிற செட் அல்ல, வெறும் தட்டை. சேலத்து எலிக்குச் சேலத்து ருசி. இரண்டு நாள் வைத்தாலும் ஊசிப்போகாது, கொக்கியில் செருகினால் எலி இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பிடித்ததைக் கொல்ல மனம் வராமல் தெருமுனைத் தாண்டி, சாக்கடைப் பாலத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். முந்நூறு அடி தூரம் இருக்கும். அதில் ஒன்றுக்கு வால் பாதியில் அறுந்திருக்கும். நான்காம் நாள் கூண்டில் அதே அரை வால், தட்டுவடையை முழுசாகத் தின்றுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். மறுபடி வண்டியில் வைத்துக் குமரகிரி ஏரிக்கரைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டேன். அதற்கப்புறம் வரவில்லை. தெரியாத இடத்தில் விட்ட எலி பெரும்பாலும் பிழைப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் செய்தது புண்ணியமா என்று கேட்டால் பதில் இல்லை.

அடிப்பொறி, அதாவது ஸ்பிரிங் பட்டை வந்து அடிக்கிறது, சுண்டெலிக்கு நல்லது, உடனே முடிந்துவிடும். குழந்தை விரல் போகாத இடத்தில் வையுங்கள். பூனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்கு எங்கள் வீட்டுப் பால் பிடித்துப்போனதுதான் மிச்சம்.

விஷக் கேக்கும் வைத்தேன். புரோமடியோலோன் கலந்தது, ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. தின்ற எலி சாக நான்கைந்து நாள் ஆகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. ஆனால் எங்கே போய்ச் சாகும் என்பது நம் கையில் இல்லை. எங்களுக்கு அது அட்டாலியில், பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் போய்ச் செத்தது. ஒன்பது நாள் நாற்றம். சாம்பிராணி, கற்பூரம், பினாயில், எதுவும் எடுபடவில்லை. அந்த எலியைப் பூனையோ ஆந்தையோ தின்றால் விஷம் அதற்கும் போகும். நாயோ குழந்தையோ கேக்கைத் தின்றுவிட்டால் கேக் வந்த அட்டைப்பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இதற்கு வைட்டமின் கே என்ற முறிவு இருக்கிறது. டியூபில் விற்ற மஞ்சள் பாஸ்பரஸ் எலிபேஸ்டுக்கு அப்படி முறிவு மருந்தே கிடையாது, கல்லீரலையே கெடுத்துவிடும். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. பழைய டியூப் எங்காவது கிடந்தால் வீட்டில் வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, மூன்றாவது வருடம்தான் எனக்குப் புத்தி வந்தது. நான் பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டே இருந்தது. எலி என் வீட்டில் குடியிருக்கவில்லை, என் வீட்டு வழியாகப் போய்வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லா விளக்கையும் அணைத்து, ஜன்னலை மூடி, வெளிச்சம் எங்கெங்கே கசிகிறது என்று பார்த்தேன். ஓடும் சுவரும் சேரும் இடத்தில் ஐந்து இடம். குளியலறைத் தண்ணீர் போகும் துளை. கேபிள்காரர் போட்ட ஓட்டை. பின்கதவின் அடியில் சுண்டுவிரல் இடைவெளி. சுண்டெலிக்குப் பென்சில் பருமன் இடம் போதும், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கொத்தனாரிடம் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் அடைக்கச் சொன்னேன். சின்ன ஓட்டைகளுக்கு, பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரைத் திணித்து மேலே பூசினேன். அரை அங்குலக் கண் வலையைக் கடைக்காரர் காட்டினார், அதில் சுண்டெலி சுலபமாக நுழையும். கால் அங்குலம் கேட்டு வாங்குங்கள். நுரை ஸ்பிரே வேண்டாம், ஒரே ராத்திரியில் கடித்துவிட்டது. கூலியோடு 4,200 ரூபாய் ஆனது. அதற்கு முன்னால் பொறிகளுக்கும் கருவிகளுக்கும் நான் அழுதது இதைவிட அதிகம்.

அட்டாலி அமைதியானது. மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். அப்புறம் பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்க ஓட்டைய அடைச்சீங்க, எல்லாம் எங்க தறிக்குழிக்குள்ள வந்து உக்காந்துக்குச்சுங்க."

போய்ப் பார்த்தேன். பட்டுப் பாவில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. அண்ணி குனிந்து ஒவ்வோர் இழையாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் வேலைங்க இது" என்றார், தலை நிமிராமலே. எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் அதே கொத்தனாரை அழைத்துவந்து, பொதுச்சுவரின் அந்தப் பக்கத்தையும் ஓட்டு விளிம்பையும் அடைத்தோம். செலவு பாதிப் பாதி. அதற்கடுத்த வீட்டுக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ராத்திரியில் அவர் வீட்டு ஓட்டின் மேல் ஓடும் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது.

இப்போதும் கூண்டு ஒன்று எப்போதும் பின்கட்டில் இருக்கும். ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பினால் எலிகள் மேட்டைத் தேடி வரும். அந்த மாதங்களில் புழுக்கை கண்டால் காய்ந்தபடி பெருக்குவதில்லை, பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டுத் துடைக்கிறோம். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் பயம்.

இன்னொரு காலம் சித்திரை, வைகாசி. மாமனார் தோட்டத்து மாங்காயை வைக்கோலில் பழுக்கப் போட்டால் வாசனைக்கு எங்கிருந்தாவது வந்துவிடும். போன வருஷம் அம்மா சொல்லி, விட்டத்தில் உறி கட்டி, கயிற்றின் நடுவே ஒரு பழைய தாம்பாளத்தைத் துளைத்துக் கவிழ்த்து மாட்டினோம். கயிறு வழியாக இறங்கினால் தட்டில் சறுக்கும். ஒரு மாதம் ஒரு பழமும் போகவில்லை. இந்த வருஷம் ஒரு மல்கோவாவில் பல் தடம். பதறிப்போய்த் தட்டை, கயிற்றை, ஓட்டை எல்லாம் சோதித்தேன். மத்தியானம் மகள்தான் ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் கம்பியிலிருந்து உறிக்கு ஒரே தாவு, அணில். அதுவும் எலி வகைதான் என்றேன். "அணிலுக்குக் கூண்டு வெச்சீங்கன்னா நான் உங்ககிட்ட பேச மாட்டேன் பா" என்றாள். ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம். கடித்த பழத்தை மாடிச் சுவரில் வைத்துவிட்டாள்.