நகை பற்றவைக்க முழு எடைக்கும் சேதாரம் கேட்கிறார்கள், உஷார்

கிருஷ்ணகிரியில் பழைய நகையை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியில் கொக்கியை ஒட்டிய வளையம் ஒன்று விட்டுப்போச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்தோம். கூலி எவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம கடைதானேம்மா, பார்த்துப் போட்டுக்கலாம்" என்றார்கள். சாயங்காலம் போனால் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்கள். பற்றவைத்த கூலி, பாலிஷ், அதற்குக் கீழே சேதாரம் 4 சதவீதம், அதுவும் சங்கிலியின் முழு எடைக்கும்! 0.96 கிராம் என்று கணக்குப் போட்டு, அன்றைய 22 காரட் விலையால் பெருக்கி வைத்திருந்தார்கள். "எதுக்குப்பா சேதாரம்?" என்று அம்மா கேட்டால், "நகைன்னாலே சேதாரம் இருக்கும்லம்மா" என்று பதில்.

கொடுக்கும்போது எடை 24.060, திரும்பி வந்தபோது 24.090. கூடியது வெறும் 30 மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி பற்றவைக்கப் போடும் பொடிதான். பொடி என்பது சுத்தத் தங்கம் இல்லை, நகைக்கு முன்னால் அது உருக வேண்டும் என்பதற்காகச் செம்பு, வெள்ளி போன்றவற்றைக் கூடுதலாகக் கலந்தது. அதற்கு 22 காரட் விலையே அதிகம், இவர்கள் வாங்கியது ஒரு கிராம் தங்கத்தின் காசு.

பழையபேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரியிடம் அப்புறம் விசாரித்தேன். புது நகை செய்யும்போது உருக்கி, கம்பி இழுத்து, அறுத்து, அராவுவதில் தங்கம் போகும், அதற்குத்தான் சேதாரம், ஒரு வளையத்தை ஊதி ஒட்டுவதற்கு முழுச் சங்கிலிக்கும் எப்படிங்க வரும் என்று அவரே கேட்டார். பற்றவைப்புக்கு எத்தனை இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆபத்து என்று பார்த்துத்தான் அவர் கூலி சொல்வாராம். மெல்லிசான சங்கிலி, உள்ளே கூடாக இருக்கிற நகை என்றால் கொஞ்சம் சூடு கூடினாலும் உருகிவிடும், முத்து, பவளம் பதித்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட முடியும், அதற்கெல்லாம் கூலி கூடுவது நியாயம்தான். மோதிரத்தைப் பெரிதாக்கினால் சேர்த்த தங்கத்துக்கு மட்டும் காசு, சின்னதாக்கினால் வெட்டிய துண்டு நமக்கு வர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கொடுக்கும்போதே தராசில் வைக்கச் சொல்லி மில்லிகிராம் வரை சீட்டில் எழுதி வாங்குங்கள், கூலியையும் ரூபாயில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் நகையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

முறையான பில் கேட்டோம், "வரி போட்டா இன்னும் ஏறும்" என்று தட்டிக் கழித்தார்கள். சங்கிலி அவர்கள் கையில் இருந்ததால் அம்மா பணத்தைக் கட்டிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு எங்களிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.